பழைய ரயரில் பூக்கன்று: முதலில் ஓட்டை, பிறகுதான் பெயின்ற்

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் எனக்கு ஒரு சைக்கிள் கடை. பக்கத்துக் கராஜ்காரர் கழித்த கார் ரயர்களையெல்லாம் என் வேலியோரம்தான் சாத்திவிட்டுப் போவார். மூன்று வருடத்துக்கு முன் அதில் நான்கை எடுத்து, மஞ்சளும் சிவப்புமாகப் பெயின்ற் அடித்து, உள்ளே பூச்சாடிகளை இறக்கிச் சந்தி பஸ் தரிப்பிடத்தில் வைத்தேன். மாரி மழை தொடங்கிச் சில நாளில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். ரயரின் உள்மடிப்பில் நின்ற தண்ணீரை ஒரு வெள்ளைக் கோப்பையில் அள்ளிக் காட்டினார். நெளிநெளியென்று நுளம்புக் குடம்பி. ஊரை அழகாக்கப் போய் டெங்கு நுளம்பு வளர்த்திருக்கிறேன்!

ஆகவே முதல் வேலை கழுவுவது. டெங்கு நுளம்பின் முட்டை ரயரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீர் பட்டால் ஒரு கிழமை, பத்து நாளில் நுளம்பாகிவிடும். சவர்க்காரம் போட்டு, உள்மடிப்பைப் பிரஷால் அழுத்தித் தேயுங்கள்.

அடுத்தது வெட்டு. கார் ரயரின் ஓடும் பாகத்தில் கம்பி வலை இருக்கிறது, கத்தி ஏறாது. பக்கச்சுவர் வெறும் றப்பரும் நூலும்தான். மேல்பக்கச் சுவரை, ஓடும் பாகத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி வட்டமாக அறுத்து எடுத்துவிடுங்கள். கத்தியைச் சவர்க்காரத் தண்ணீரில் தோய்த்துக்கொண்டால் வழுக்கிக்கொண்டு போகும். லொறி ரயர் வேண்டாம், அதில் பக்கச்சுவரிலும் கம்பி வரும். கீழ்ச்சுவரில் நிலத்தில் படும் இடமாகப் பார்த்து, அரை அங்குல ஓட்டை எட்டு போடுங்கள்.

ரயரை அன்னமாக, கிளியாக வெட்டுகிறார்கள். எனக்குப் பிடிப்பதில்லை. ரயர் ரயராகவே இருக்கட்டும். நிறம் மட்டும் வெள்ளையோ இளம் நிறமோ அடியுங்கள். கறுப்பாக விட்டால் சித்திரை வெயிலில் வேர் வெந்துவிடும்.

நிரப்பினால் அசைக்க முடியாது, அதனால் வைக்கும் இடத்திலேயே நிரப்புங்கள். அடியில் பொச்சுமட்டை, மேலே செம்பாட்டு மண்ணும் மக்கிய சாணியும். கீரை, தக்காளி நான் வைக்கமாட்டேன். ரயரில் நாகம் (துத்தநாகம்) முதலான இரசாயனங்கள் இருக்கின்றன. பூ போதும்.

தண்ணீருக்கு ஒன்றரை லீற்றர் பிளாஸ்ரிக் போத்தல். மூடியில் ஊசித்துளை போட்டுக் கவிழ்த்து வைக்கலாம் என்பார்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் அது சரிவராது, சுண்ணாம்பு படிந்து துளை அடைபட்டுவிடும். நான் மூடியில் பெரிய ஓட்டை போட்டு, பழைய பருத்திச் சீலைத் துண்டைத் திரியாக முறுக்கி இறுக்கி விடுகிறேன். தொண்ணூறுகளில் மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடாக இருந்தபோது ஜாம் போத்தல் விளக்குக்குத் திரி போட்ட கைதானே. போத்தலின் அடியை வெட்டித் திறக்காதீர்கள், அங்கேயும் நுளம்பு வரும். காற்றுக்கு ஒரு சின்னத் துளை போதும்.

பொது இடமென்றால் பிரதேச சபையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வையுங்கள். அப்புறம் ஆடு. சந்தியில் நான் வைத்த செவ்வரத்தை ஒரே இரவில் மொட்டையாகிவிட்டது. இப்போது நான்கு ரயரிலும் நித்தியகல்யாணி. கசப்புக்கு ஆடு மோந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறது.