கடன் மனைவி பெயரில், பணம் கணவர் கையில்: மகளிர் குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுய உதவிக் குழு மூலம் ஒரு பெண்ணுக்குக் கடன் வாங்கிக் கொடுத்ததும் அவர் சொந்தக் காலில் நின்றுவிட்டதாக எண்ணுவதுதான் பெரிய தவறு. ஏ.டி.எம். கார்டு, அதன் ரகசிய எண், வங்கிக் குறுஞ்செய்தி போகும் செல்போன் மூன்றும் கணவரிடம் இருந்தால் பணமும் அவரிடம்தான். தவணைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் மட்டும் மனைவி.

அதனால், கடன் விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கும் முன் இந்த மூன்றும் யாரிடம் இருக்கின்றன என்று தனியாக அழைத்துக் கேளுங்கள். கணவர் பக்கத்தில் இருக்கும்போது கேட்டால் உண்மையான பதில் வராது. கணக்கில் உள்ள செல்போன் எண்ணை உடனே மாற்றச் சொல்வதும் ஆபத்தாக முடியலாம். குறுஞ்செய்தி நின்றதும் கணவருக்குத் தெரிந்துவிடும், அடி விழும். அந்தக் கணக்கைத் தொடாமல், அஞ்சலகத்தில் 500 ரூபாயில் தனிச் சேமிப்புக் கணக்கு தொடங்கி, பாஸ்புக்கை அந்தப் பெண் நம்பும் ஒருவரிடம் வைப்பது பாதுகாப்பானது. தவணை தவறினால் குழுவாகத் திரண்டு வீட்டு வாசலில் போய் நிற்கவே கூடாது. நீங்கள் திரும்பியதும் அந்த அவமானத்துக்கான கோபம் முழுவதும் அந்தப் பெண் மேல்தான் விழும்.

அடித்தால்தான் வன்முறை என்று நினைப்பது அடுத்த தவறு. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், பொருளாதாரக் கொடுமையையும் வன்முறை என்றே சொல்கிறது. வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் இருப்பது, சீதன நகையை விற்பது எல்லாம் அதில் அடங்கும். வங்கி லாக்கரையும் கூட்டுக் கணக்கையும் கணவர் கையாள முடியாதபடி அந்தச் சட்டத்தின் 18ஆம் பிரிவில் நீதிமன்ற உத்தரவு வாங்கலாம். நகை பில், அடகு ரசீது, பாஸ்புக் பக்கங்கள் ஆகியவற்றின் நகல்களை இப்போதே வீட்டுக்கு வெளியே வைத்திருந்தால் அப்போது கைகொடுக்கும்.

"ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்" என்று மாதங்களைக் கடத்தாதீர்கள். பேசி முடிப்பதற்குள் நகை கைமாறிவிடும். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில், இந்தச் சட்டப்படி புகாரைப் பெற்று உதவும் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். பாதிக்கப்பட்டவர்தான் போக வேண்டும் என்றில்லை, பக்கத்து வீட்டார்கூடத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்குப் போட முடியாது. மாஜிஸ்திரேட்டிடம் மனு போய்ச் சேர்ந்தால் முதல் விசாரணை பொதுவாக 3 நாளுக்குள், அதிலிருந்து 60 நாளுக்குள் தீர்ப்பு என்பது சட்டத்தின் நோக்கம். நடைமுறையில் இழுக்கும். ஆகவே மனு போடும்போதே 23ஆம் பிரிவில் இடைக்கால உத்தரவும் கேளுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

வீடு மாமியார் பெயரில் இருப்பதால் அங்கே வசிக்க மருமகளுக்கு உரிமை இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கணவரின் உறவினருக்குச் சொந்தமான வீடும், அந்தப் பெண் குடித்தனமாக வாழ்ந்த வீடாக இருந்தால், பகிர்ந்து வாழும் இல்லமாகலாம், அதாவது அவர் வசிக்க உரிமை கேட்கக்கூடிய வீடாகலாம் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வக்கீல் செலவுக்கும் தயங்க வேண்டாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, வருமானம் பாராமல் எல்லாப் பெண்களுக்கும் இலவசமாக வழக்கறிஞரைத் தரும்.

பெண்கள் உதவி எண் 181 இரவு பகலாக இயங்குகிறது. உயிருக்கு ஆபத்தென்றால் 112. கணவர் எடுத்துப் பார்க்கும் போனிலிருந்து 181ஐ அழைக்கச் சொல்லாதீர்கள். குழுக் கூட்டத்தன்று குழுவை வழிநடத்தும் ஊக்குநரின் போனைக் கொடுத்துப் பேச வையுங்கள்.