தடுமாறும் இளம் குவார்ட்டர்பேக்கை வைத்துக்கொள்வதா, விடுவதா? முடிவெடுக்கும் முறை

அமெரிக்கக் கால்பந்தில் தாக்குதலை நடத்தி, பந்தை வீசுபவர் குவார்ட்டர்பேக். ட்ராய் ஐக்மன் 1989-இல் டாலஸ் கவ்பாய்ஸுக்காகத் தொடக்கத்திலிருந்து ஆடிய 11 ஆட்டங்களிலும் தோற்றார். பெய்ட்டன் மேனிங் 1998-இல், தன் முதல் பருவத்தில், 28 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொள்ளும் வீச்சு) கொடுத்தார். புதுமுக வீரர்களில் அந்த எண்ணிக்கையை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. ஜேரட் காஃப் 2016-இல் தொடங்கிய 7 ஆட்டங்களும் தோல்வி. மூவரும் பின்னாளில் சூப்பர் பவுல் எனும் இறுதிப் போட்டியில் ஆடினார்கள். ஆனால் இதே போன்ற எண்களோடு தொடங்கி, சில ஆண்டுகளில் பெயரே மறந்துபோனவர்கள் இவர்களைவிட அதிகம். வெற்றி தோல்விக் கணக்கால் இந்த இரு வகையினரையும் பிரிக்க முடியாது. தவறு யாரிடமிருந்து வருகிறது, அது இந்த அணியில் ஒப்பந்தக் கெடுவுக்குள் சரியாகுமா என்ற இரண்டு கேள்விகளால்தான் பிரிக்க முடியும்.

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள்

அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் டிராஃப்டில் (அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) முதல் சுற்றில் எடுக்கப்பட்டவருக்கு 4 ஆண்டு ஒப்பந்தம். ஐந்தாம் ஆண்டை நீட்டிக்கும் உரிமை அணியிடம் இருக்கும். மூன்றாவது பருவம் முடிந்த பிறகு வரும் மே மாதத் தொடக்கத்துக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்த வேண்டும். லீக்குக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையிலான 2020 தொழிலாளர் ஒப்பந்தத்துக்குப் பிறகு, அதைப் பயன்படுத்திய உடனேயே ஐந்தாம் ஆண்டுச் சம்பளம் முழுவதும் உறுதியாகிவிடும். காயமோ மோசமான ஆட்டமோ வந்தாலும் திரும்பப் பெற முடியாது. இரண்டாம் சுற்றிலோ அதற்குக் கீழோ எடுக்கப்பட்டவருக்கு இந்த உரிமையே கிடையாது. எப்படிப் பார்த்தாலும் கையில் இருப்பது மூன்று பருவச் சான்றுதான்.

முதல் பருவத்தில் தீர்ப்பு சொல்லாதீர்கள். இரண்டாம் பருவத்தின் 10 முதல் 12-ஆவது ஆட்டத்துக்குள் கீழே சொல்லும் பரிசோதனையை முடித்துவிடுங்கள். அப்போதுதான் மார்ச் நடுவில் தொடங்கும் ஃப்ரீ ஏஜென்சிக்கும் (ஒப்பந்தம் முடிந்த வீரர்களை எடுக்கும் காலம்) ஏப்ரல் இறுதி டிராஃப்டுக்கும் முன்னால், அவரைச் சுற்றி எதை மாற்றுவது என்று தெரிந்திருக்கும். பல அணிகள் பருவம் முடிந்த ஜனவரியில், தோல்வியின் சூட்டில் உட்கார்ந்து பேசுகின்றன. அதற்குள் பாதிக் கதவுகள் மூடியிருக்கும்.

பணக் கணக்கும் இதில் சேர்த்திதான். 2024-இல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட கேலப் வில்லியம்ஸின் நான்கு ஆண்டு ஒப்பந்தம் முழுவதும் சேர்த்தே 4 கோடி டாலருக்குள் அடங்கியது. அதே ஆண்டு அனுபவமுள்ள குவார்ட்டர்பேக் டாக் பிரெஸ்காட் கையெழுத்திட்டது ஆண்டுக்கு 6 கோடி டாலர். இந்த இடைவெளியை, குவார்ட்டர்பேக்கைக் காக்கும் லைனுக்கும் பந்தைப் பிடிக்கும் ரிசீவர்களுக்கும் செலவழித்தால்தான் இளம் வீரரைப் பொறுத்திருப்பதில் பொருள் உண்டு. செலவழிக்காமல் பொறுத்திருந்தால் ஆண்டுகள்தான் கரையும்.

படத்தைப் பிரித்துப் பார்ப்பது

தொலைக்காட்சி ஒளிபரப்பு போதாது. அதில் ஆழத்தில் ஓடும் ரிசீவர்களும், எதிரணியின் பின்வரிசைத் தடுப்பாட்டக்காரர்களான சேஃப்டிகளும் திரைக்கு வெளியே போய்விடுவார்கள். 22 ஆட்டக்காரர்களும் தெரியும் கோச்சுகள் படம் வேண்டும். கடைசி நான்கு ஆட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பந்து வீசப் பின்வாங்கிய தருணங்கள் ஏறத்தாழ 140 வரும். ஒவ்வொன்றையும் மூன்று முறை ஓட்டுங்கள். முதல் முறை லைனை மட்டும், இரண்டாம் முறை ரிசீவர்களை மட்டும், மூன்றாம் முறை குவார்ட்டர்பேக்கின் கால்களையும் தலைக்கவசம் திரும்பும் திசையையும் மட்டும் பாருங்கள். மூன்றையும் ஒரே ஓட்டத்தில் பார்க்க முயன்றால் கண் பந்தின் பின்னால் போய்விடும், எதுவும் பதியாது.

தோற்ற ஆட்ட நகர்வுகளை மட்டும் தனியே எடுத்து, ஒவ்வொன்றையும் நான்கு கட்டங்களில் ஒன்றில் போடுங்கள்.

1. லைன் விட்டது: ஸ்நாப்புக்குப் (பந்தைக் கொடுத்து நகர்வைத் தொடங்குவது) பிறகு 2.5 நொடிக்குள் யாரோ தடையின்றி அவரை நெருங்கிவிட்டார்.
2. ரிசீவர் விட்டது: கையில் பட்ட பந்து நழுவியது, அல்லது ஓட வேண்டிய ரூட்டை மாற்றி ஓடினார்.
3. திட்டம் விட்டது: யாருமே திறந்த இடத்தில் இல்லை, பிளிட்ஸ் (கூடுதல் தடுப்பாட்டக்காரர்கள் பாய்ந்து வருவது) வந்தால் உடனே வீச ஒரு குறுகிய வழியும் வைக்கப்படவில்லை.
4. அவரே விட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை. சாக்குகளை (வீசும் முன்பே குவார்ட்டர்பேக் வீழ்த்தப்படுவது) எல்லாம் லைன் கணக்கில் எழுதுவதுதான் மிகப் பொதுவான பிழை. பந்தை நான்கு நொடி பிடித்துக்கொண்டு நின்று வாங்கிய சாக் குவார்ட்டர்பேக்கின் கணக்கு. ஸ்நாப்புக்கு முன் எதிரணியின் மிடில் லைன்பேக்கர் (லைனுக்குப் பின்னால் நடுவில் நிற்பவர்) யார் என்று தவறாகக் காட்டி, அதனால் தடுப்பு தவறான பக்கம் சாய்ந்திருந்தால் அதுவும் பெரும்பாலும் அவர் கணக்குதான். சில அணிகளில் அந்த அழைப்பை, லைனின் நடுவில் நிற்கும் சென்டர் கொடுப்பார், அதை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். அழுத்தம் வந்த தருணங்களில் எத்தனை சாக்காக முடிந்தன என்று வகுத்துப் பாருங்கள். ஐந்தில் ஒன்று என்றால் இயல்பு. நான்கில் ஒன்றைத் தாண்டினால், லைனை எவ்வளவு சீர்செய்தாலும் பாதிப் பிரச்சினை அப்படியே இருக்கும்.

நான்காம் கட்டத்தில் விழுந்தவற்றை மறுபடி பிரியுங்கள். முடிவே இந்த இடத்தில்தான் இருக்கிறது. பார்த்தார், சரியான நேரத்தில் வீசினார், குறி தவறியது என்பது ஒரு வகை. பார்த்தார், ஆனால் அரை நொடி தாமதம் என்பது இன்னொன்று. பார்க்கவே இல்லை என்பது மூன்றாவது. யாரும் நெருங்காத பாக்கெட்டிலிருந்து (லைன் அமைக்கும் பாதுகாப்பு வளையம்) தானாகவே ஓடினார் என்பது நான்காவது. கவலைப்பட வேண்டியதும் இதற்குத்தான். கண் ரிசீவர்களை விட்டுவிட்டு எதிரில் வரும் தடுப்பாட்டக்காரர்களின் மேல் இறங்கிவிட்டால், மற்ற எந்தப் பயிற்சியும் ஒட்டாது.

அந்தப் பயம் சும்மா வருவதில்லை. டேவிட் கார் 2002-இல் ஹூஸ்டன் டெக்ஸன்ஸின் முதல் பருவத்தில் 76 முறை சாக் ஆனார். ஒரே பருவத்தில் அதற்கு மேல் யாரும் வாங்கியதில்லை. முதல் ஆளாக எடுக்கப்பட்ட அவர் அந்த அணியில் ஐந்து பருவம் ஆடியும் எதிர்பார்த்த உயரத்தைத் தொடவே இல்லை. லைன் இல்லாமல் இளைஞரை இறக்கிவிடும் அணி, தானே உண்டாக்கிய குறையைப் பிறகு அவருடைய குறை என்று எழுதிக்கொள்கிறது.

ஓர் எண் போதும்

கம்ப்ளீஷன் விகிதம் (ரிசீவர் பிடித்த வீச்சுகளின் விகிதம்) குறுகிய வீச்சுகளால் ஊதிப்போகும். அதைவிட இந்தக் கணக்கு நேர்மையானது: பாஸ் யார்டுகளோடு டச்டவுனுக்கு (எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் பெறும் ஸ்கோர்) 20 வீதம் கூட்டுங்கள். இன்டர்செப்ஷனுக்கு 45 வீதமும், சாக்கில் இழந்த யார்டுகளையும் கழியுங்கள். வருவதை வீச்சுகளும் சாக்குகளும் சேர்ந்த எண்ணிக்கையால் வகுங்கள்.

450 வீச்சு, 2,900 யார்டு, 15 டச்டவுன், 14 இன்டர்செப்ஷன், 45 சாக்கில் 310 யார்டு இழப்பு என்று வையுங்கள். 2,900 + 300 − 630 − 310 = 2,260. அதை 495-ஆல் வகுத்தால் 4.57. லீக் சராசரி அண்மை ஆண்டுகளில் 6-ஐ ஒட்டி நிற்கிறது. 4.57 மோசம்தான், ஆனால் தீர்ப்பு இல்லை. காஃபின் 2016 எண் 2.82. அடுத்த ஆண்டே அது 7.7-ஐத் தொட்டது. ஒரு பருவ எண்ணைவிட, பருவத்தின் முதல் எட்டு ஆட்டத்துக்கும் கடைசி எட்டு ஆட்டத்துக்கும் இடையே அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதையே பாருங்கள். இன்டர்செப்ஷன் எண்ணிக்கையில் அதிர்ஷ்டத்தின் பங்கு பெரிது. சாக் விகிதம் ஆண்டுக்கு ஆண்டு ஒட்டிக்கொண்டே வரும்.

அவரை மாற்றும் முன் சுற்றியிருப்பதை மாற்றுங்கள்

காஃப் 2017-இல் எப்படி மாறினார்? ராம்ஸ் அணிக்கு ஷான் மெக்வே தலைமைப் பயிற்சியாளராக வந்தார். லைனில் இடது டேக்கிள் இடத்துக்கு ஆண்ட்ரூ விட்வொர்த், ரிசீவர்களாக ராபர்ட் வுட்ஸும் கூப்பர் கப்பும் வந்தார்கள். இன்னொரு நுட்பமும் உண்டு. பயிற்சியாளர் குவார்ட்டர்பேக்கின் தலைக்கவச வானொலியில் பேசும் வசதி, பிளே கடிகாரத்தில் 15 நொடி மிஞ்சும்போது துண்டிக்கப்படும். மெக்வே அணியை அதற்கு முன்பே வரிசையில் நிற்கவைத்து, எதிரணியின் அமைப்பைப் பார்த்துக் காதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டார். இளைஞரின் தலையிலிருந்து பாதிச் சுமை இறங்கியது.

பஃபலோ பில்ஸ் ஜாஷ் ஆலனுக்குச் செய்தது இன்னும் நிதானமான வேலை. அவருடைய கம்ப்ளீஷன் விகிதம் 2018-இல் 52.8, 2019-இல் 58.8, 2020-இல் 69.2. அந்த மூன்று ஆண்டும் ஆஃபென்சிவ் கோஆர்டினேட்டர் (தாக்குதல் ஆட்டத்தைத் திட்டமிடும் பயிற்சியாளர்) பிரையன் டபோல் ஒருவரே. 2019-இல் ரிசீவர்கள் ஜான் பிரவுனும் கோல் பீஸ்லியும், சென்டர் மிட்ச் மோர்ஸும் வந்தார்கள். 2020-இல் ஸ்டெஃபான் டிக்ஸ். ஆனால் ஆலனைக் காரணம் காட்டி, குறி தவறும் எல்லா இளைஞரும் இப்படி ஏறிவிடுவார்கள் என்று நம்பாதீர்கள். இந்த அளவு ஏற்றம் மிக அரிது. முதல் பருவத்திலேயே அவர் கண் கீழே இறங்கவில்லை, அடிபட்டும் ஆழமாக வீசிக்கொண்டே இருந்தார் என்பதுதான் படத்தில் தெரிந்த நல்ல அறிகுறி.

ஆண்டுதோறும் கோஆர்டினேட்டரை மாற்றுவது இளைஞருக்கு நேரும் மிகப் பெரிய கேடு. ஆட்ட அழைப்புகளின் பெயர்களே மாறிவிடும். பழைய பாடத்தை மறந்து புதியதை மனப்பாடம் செய்வதிலேயே கோடைக்காலம் போய்விடும். சான் பிரான்சிஸ்கோவில் அலெக்ஸ் ஸ்மித்துக்கு இப்படித்தான் ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருவர் மாறினார். 2011-இல் ஜிம் ஹார்பா வந்த பிறகே அணி 13 வெற்றி, 3 தோல்வி என்று நிமிர்ந்தது. மாற்றியே ஆக வேண்டிய நேரமும் உண்டு. ட்ரெவர் லாரன்ஸ் 2021-இல் 12 டச்டவுன், 17 இன்டர்செப்ஷன். ஜாக்சன்வில் பயிற்சியாளரை மாற்றியதும் 2022-இல் 25-க்கு 8. குவார்ட்டர்பேக் அதே ஆள்தான்.

உட்காரவைப்பது

பெஞ்சில் உட்காரவைப்பது சிகிச்சையாகவும் இருக்கலாம், தண்டனையாகவும் முடியலாம். கரோலைனா பேந்தர்ஸ் 2024-இல் இரண்டே ஆட்டங்களுக்குப் பிறகு பிரைஸ் யங்கை உட்காரவைத்தது. முந்தைய பருவத்தில் அவர் 62 சாக் வாங்கியிருந்தார். ஐந்து ஆட்டம் ஆண்டி டால்டன் ஆடினார். அக்டோபர் இறுதியில் டால்டன் காயமடைந்ததும் திரும்பி வந்த யங், பருவத்தின் பிற்பகுதியில் தெளிவாகவே மேம்பட்டு ஆடினார்.

உட்காரவைத்தால் முழுதாக நான்கு ஆட்டமாவது வையுங்கள். காரணத்தை அவரிடம் தனியே, படத்தைக் காட்டி, ஒன்றிரண்டு குறைகளாகச் சுருக்கிச் சொல்லுங்கள். பயிற்சியில் ஸ்கவுட் அணியோடு (அடுத்த எதிரணியைப் போல ஆடிக் காட்டும் குழு) ஆடும்போது அந்தக் குறையை மட்டும் திருத்தும் வேலை கொடுங்கள். ஒரு வாரம் இவர், மறு வாரம் அவர் என்று மாற்றிக்கொண்டே இருந்தால் அறையில் யாருக்கும் இவர்மேல் நம்பிக்கை இருக்காது. ஓர் இன்டர்செப்ஷனுக்காக ஆட்டத்தின் நடுவில் வெளியே எடுப்பது அதைவிட மோசம். அடுத்த முறை அவர் வீசவே தயங்குவார், தயக்கத்தில் பிறப்பதுதான் அந்த அரை நொடித் தாமதம்.

எப்போது விட வேண்டும்

லைன் நடுத்தரமாகவாவது இருந்து, ஒரே கோஆர்டினேட்டரின் கீழ் இரண்டாம் பருவமும் முடிந்து, நெருக்கடியில்லாத பாக்கெட்டிலும் பார்க்காமல் விடுவதும் ஓடுவதும் குறையவில்லை என்றால் விட்டுவிடுங்கள். நெருக்கடியில்லாதபோது ஒருவர் ஆடும் விதம் ஆண்டுக்கு ஆண்டு அதிகம் மாறுவதில்லை.

ஒரே ஆண்டில் விடுவது சரியாகும் சூழல் ஒன்றுதான்: புதிய பயிற்சியாளரும், தெளிவாக மேலான ஒருவரை எடுக்கும் டிராஃப்ட் இடமும் சேர்ந்து வாய்த்தால். அரிசோனா கார்டினல்ஸ் 2018-இல் 10-ஆவதாக எடுத்த ஜாஷ் ரோசனை அடுத்த ஆண்டே விட்டு, முதல் இடத்தில் கைலர் மரேயை எடுத்தது. ரோசனுக்கு ஈடாக மயாமியிடமிருந்து கிடைத்தது 62-ஆவது இடமும் ஓர் ஐந்தாம் சுற்று இடமும் மட்டுமே. விலை இப்படித்தான் விழும். விற்ற அணியின் சம்பள வரம்பில், கொடுத்து முடித்த கையெழுத்து போனஸின் மீதிப் பங்குகளும் வந்து விழும். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் அது சரியான முடிவே.

விட்டவர் வேறிடத்தில் மலர்ந்தால் குற்ற உணர்வு வேண்டாம். நியூயார்க் ஜெட்ஸ் 2021-இல் விட்ட சாம் டார்னால்டு, 2024-இல் மினசோட்டாவில் 35 டச்டவுன் வீசினார், அணி 14-3. அவர் அங்கே வந்து சேர ஆறு ஆண்டு பிடித்தது. அவ்வளவு காலம் முதல் ஒப்பந்தத்தில் எந்த அணிக்கும் கிடையாது.

முடிவு பாதியில் தொங்கினால் ஐந்தாம் ஆண்டை மறுத்துவிட்டு, நான்காம் ஆண்டு ஆடவிடலாம். நியூயார்க் ஜயன்ட்ஸ் டேனியல் ஜோன்ஸுக்கு 2022-இல் அதைத்தான் செய்தது. ஆனால் அந்த ஒரு நல்ல பருவத்தைப் பார்த்து 2023-இல் நான்கு ஆண்டுக்கு 16 கோடி டாலர் எழுதிக் கொடுத்து, 2024 நவம்பரில் விடுவித்தது. இந்த நிலையில் ஃப்ராஞ்சைஸ் டேக் (ஓராண்டுச் சம்பளத்தில் வீரரைத் தக்கவைக்கும் உரிமை) போட்டு இன்னும் ஓராண்டு பார்ப்பது விலை அதிகம் போலத் தோன்றும், ஆனால் தவறினால் இழப்பு ஓராண்டோடு நிற்கும்.

எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும், மார்ச்சில் ஒரு மூத்த மாற்று குவார்ட்டர்பேக்கை எடுத்துவிடுங்கள். இளைஞரின் ஆட்டமுறைக்கு நெருக்கமாக ஆடுபவராகத் தேடுங்கள். அவர் இறங்க நேர்ந்தாலும் லைனின் அழைப்புகளோ ரிசீவர்களின் ரூட்டுகளோ மாறாமல் இருக்கும். இளைஞர் திரும்பி வரும்போது தான் படித்த அதே ஆட்டத்தையே தொடரலாம்.