போர்வெல் தண்ணீருக்கு சாஃப்ட்னர் மாட்டிய கதை

அஞ்சுகிராமம் பக்கம் எங்கள் வீட்டுப் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்கவே நுரைக்காது. வாட்டர் ஹீட்டர் காயிலைக் கழற்றினால் வெள்ளைப் பொருக்கு ஓடு ஓடாக உதிரும். பரிசோதித்ததில் கடினத்தன்மை (தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியத்தின் அளவு) லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்கு மேல், அதாவது வேறு வழியில்லாவிட்டால் குடிக்கலாம் என்று இந்தியத் தரநிலை விட்டிருக்கும் எல்லையையும் தாண்டி (விரும்பத்தக்கது 200).

கடையில் முதலில் குழாயில் மாட்டும் காந்தத்தைத்தான் காட்டினார்கள். அது கால்சியத்தை எடுக்காது, வேண்டாம் என்றுவிட்டு, கடினத்தன்மையை நீக்கும் ரெசின் சாஃப்ட்னர் வாங்கினேன். ரெசின் என்பது உள்ளே இருக்கும் சின்னச் சின்ன பிளாஸ்டிக் மணிகள். ரெசின் கால்சியம், மெக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். நிரம்பியதும் உப்புக் கரைசல் விட்டுக் கழுவ வேண்டும், சாதாரண கல்லுப்பு வேண்டாம், அதிலுள்ள அழுக்கு ரெசினைக் கெடுக்கும். தண்ணீரில் இரும்பு அதிகம் இருந்தால் முன்னால் தனி ஃபில்டர் கட்டாயம்.

டிடிஎஸ் மீட்டரில் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் கருவி) அளவு குறையவில்லையே என்று பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டார். குறையாது அண்ணே, ஒன்று போய் இன்னொன்று வருகிறது, அவ்வளவுதான். தண்ணீரில் சோடியம் கூடும், அம்மாவுக்கோ பிரஷர் இருக்கிறது; அதனால் அடுக்களைக் குழாயை இதில் சேர்க்கவில்லை. அப்புறம், கழுவிவிடும் உப்புத்தண்ணீரை வாழை மூட்டில் விடாதீர்கள், கருகிவிடும்.