ஸ்டார் டிராக்கரில் கிழக்குப் பக்கம் கொஞ்சம் கனமாக இருக்கட்டும்

டிராக்கரில் (விண்மீன்களின் நகர்வுக்கு ஏற்பக் கேமராவைச் சுழற்றும் கருவி) கேமராவையும், மறுமுனையில் அதற்கு ஈடாகக் கம்பியில் மாட்டும் எடையான கவுண்டர்வெயிட்டையும் தராசு மாதிரி சரிசமமாக நிறுத்தாதீர்கள்; கிழக்கே இருப்பது எதுவோ, அது சற்றே கனமாக இருக்கட்டும். கவுண்டர்வெயிட் கிழக்கே இருந்தால் கம்பியில் அரை விரல் அகலம் வெளியே தள்ளுங்கள். கேமரா கிழக்கே இருந்தால் கவுண்டர்வெயிட்டை அதே அளவு உள்ளே.

பற்சக்கரங்களுக்கு நடுவே மயிரிழை இடைவெளி எப்போதும் உண்டு. மணிக்கு 15 பாகை வீதம் மேற்கு நோக்கிச் சுழலும் மோட்டார், கிழக்கே உள்ள கனத்தைத் தூக்கிக்கொண்டே இருப்பதால் பற்கள் ஒரே பக்கமாக அழுந்தி நிற்கும். சரிசமமாக இருந்தாலோ, லேசான காற்றுக்கே அந்த இடைவெளியில் ஆடும், 135 மி.மீ. லென்ஸில் 2 நிமிடம் திறந்து வைத்த படத்தில் விண்மீன் புள்ளியாக இல்லாமல் அரிசி மாதிரி நீண்டுவிடும்.

அதற்காகக் கனத்தை அள்ளிக் கொடுத்துவிடாதீர்கள், க்ளட்ச் (சுழலும் அச்சை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) நழுவும். நடுவில் கேமராவை மறுபக்கம் புரட்டினால் எடையை மறுபடி மாற்ற வேண்டும் (எனக்கு எப்போதும் மறப்பது இதுதான்). 24 மி.மீ. லென்ஸை பால்ஹெட்டில் (கேமராவை எந்தப் பக்கமும் திருப்பும் பந்து மூட்டு) வைத்துப் பால்வீதி எடுப்பவர்களுக்கு இந்த வேலையே வேண்டாம். அப்புறம், துருவ விண்மீனைச் சரியாகக் குறிபார்க்காததால் விழும் கோடு இதனால் போகாது.