டிரைசூட்டுக்கு எத்தனை கிலோ ஈயம்? சோதித்துக் கண்டுபிடிக்கும் முறை

அந்தமானிலோ புதுச்சேரியிலோ மெல்லிய வெட்சூட்டில் டைவிங் கற்றுக்கொண்டு, அப்புறம் இங்கிலாந்துப் பக்கம் போய்ச் சேர்ந்தவர்கள் தண்ணீர் உள்ளே புகாத டிரைசூட்டைக் கையில் வாங்கியதும் கேட்கும் முதல் கேள்வி, மிதந்துவிடாமல் இருக்க எத்தனை கிலோ ஈயம் கட்ட வேண்டும் என்பதுதான். நான்கைந்து கிலோவில் சுலபமாக இறங்கியவரிடம் பத்து, பன்னிரண்டு என்று சொன்னால் திகைப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்த எண்ணை இன்னொருவரிடம் கேட்டு வாங்க முடியாது. உங்கள் உடம்பு, சூட், உள்ளே போடும் அண்டர்சூட், முதுகில் இருக்கும் சிலிண்டர் எல்லாம் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. டிரைசூட் பயிற்சியை ஒரு பயிற்சியாளரிடம் முடித்துவிட்டு, கூட்டாளி ஒருவரை வைத்துக்கொண்டு கீழே சொல்லும் சோதனையைச் செய்யுங்கள்.

எந்த நேரத்துக்காக எடை கட்டுகிறோம்

தண்ணீருக்குள் இறங்குவதற்காக என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை. டைவ் முடியும்போது, சிலிண்டரில் 50 பார் (அழுத்த அலகு) காற்றுதான் மீதி என்ற நிலையில், மேலே வரும் முன் பாதுகாப்புக்காக 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் அசையாமல் நிற்க வேண்டுமே, அதற்காகத்தான். சிலிண்டரில் உள்ள காற்றுக்கும் எடை உண்டு. 12 லிட்டர் ஸ்டீல் சிலிண்டரை 232 பாருக்கு நிரப்பினால் உள்ளே இருக்கும் காற்று மட்டுமே மூன்று கிலோவுக்கு மேல். அது 50 பாருக்கு இறங்கும்போது சுமார் இரண்டரை கிலோ குறைந்துவிடும். அதாவது, சரியாக எடை கட்டியவர் டைவின் தொடக்கத்தில் இரண்டரை கிலோ கூடுதலாகத்தான் இருப்பார், அதுதான் சரி.

எடை கூடினால் என்ன, பாதுகாப்புதானே என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு இந்தப் பேச்சில் உடன்பாடே இல்லை. நான்கு கிலோ அதிகம் கட்டினால் அதை ஈடுகட்ட சூட்டுக்குள் நான்கு லிட்டர் காற்று கூடுதலாக ஏற்ற வேண்டும். 20 மீட்டரில் அழுத்தம் 3 பார், 5 மீட்டரில் ஒன்றரை. ஆக, அந்த நான்கு லிட்டரை வழியில் வெளியேற்றாமல் மேலே வந்தால் எட்டு லிட்டராகும், நான்கு கிலோ அளவுக்குப் புதிதாக மேலே இழுக்கும், அதுவும் நீங்கள் நிதானமாக நிற்க வேண்டிய இடத்திலேயே. டிரைசூட்டுக்குள் அந்தக் காற்று ஒரே இடத்தில் நிற்கவும் நிற்காது. கொத்தனாரின் ரசமட்டத்தில் இருக்கும் குமிழி போல, எந்தப் பக்கம் உயர்கிறதோ அங்கே ஓடும். கால் சற்று மேலே போனால் காற்று பாதத்துக்குப் போய்விடும், பிறகு தலைகீழாக மேலே போவதைத் தடுப்பது கஷ்டம். (அப்படி ஆனால் முழங்காலை வயிற்றோடு மடக்கி, உருண்டு நிமிர்ந்து, உடனே காற்றை வெளியேற்ற வேண்டும். இதைப் பயிற்சியிலேயே பழகியிருக்க வேண்டும்.)

தண்ணீரில் இறங்கும் முன்

நிஜமாக டைவ் போகும்போது என்னென்ன போடுவீர்களோ அத்தனையும் போட்டுக்கொள்ளுங்கள். கையுறை, தலையுறை, டார்ச் உள்பட. மெல்லிய அண்டர்சூட்டில் சோதித்துவிட்டுக் குளிர்காலத்துக்குத் தடித்ததைப் போட்டால் அந்தக் கணக்கு உதவாது, ஏனென்றால் நம்மைச் சூடாக வைத்திருப்பதே அந்தத் துணிக்குள் தங்கும் காற்றுதான். ஒவ்வொரு லிட்டர் காற்றும் ஒரு கிலோ ஈயம் கேட்கும்.

ஜிப்பை மூடியதும் சூட்டுக்குள் இருக்கும் காற்றைப் பிழிந்து வெளியேற்றுங்கள். குத்தவைத்து உட்கார்ந்து, முழங்கால்களைக் கட்டிக்கொண்டு, கழுத்தை இறுக்கிப் பிடிக்கும் சீலுக்குள் ஒரு விரலை மட்டும் நுழைத்து லேசாக விலக்கினால் புஸ்ஸென்று காற்று போகும். விரலை எடுத்ததும் சீல் தோலோடு ஒட்டியிருக்கிறதா, தலைமுடியோ துணி நூலோ நடுவில் மாட்டியிருக்கிறதா என்று கூட்டாளியைப் பார்க்கச் சொல்லுங்கள். கடைசியாக, இடது மேற்கையில் இருக்கும், சூட்டுக் காற்றை வெளியேற்றும் டம்ப் வால்வை முழுவதும் திறந்து வையுங்கள். "என்னால் இறங்கவே முடியவில்லை, இன்னும் இரண்டு கிலோ கொடு" என்பவர்களில் பாதிப் பேருக்கு இந்த வால்வுதான் காரணம் என்பேன்.

மேற்பரப்பில் முதல் பார்வை

இடம் முக்கியம். சரிவான கரையோ, ஆழம் குறைந்த தளமோ இருக்கும் இடம் வேண்டும். லெஸ்டர்ஷயரில் இருக்கும் ஸ்டோனி கோவ் பழைய கல்குவாரி, நன்னீர் நிரம்பியது, ஆறேழு மீட்டரில் ஒரு பாறைத் தட்டு இருக்கிறது, அதனால் இதற்கு வசதி. சோதனையை டைவின் கடைசியில், 50 பார் நெருங்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். கூட்டாளியிடம் காற்று தாராளமாக இருக்க வேண்டும், ஒரு கிலோ கட்டிகள் சிலவும் அவரிடம் இருக்கட்டும்.

பிசிடியில் (காற்று ஏற்றி மிதப்பைச் சரிசெய்யும் ஜாக்கெட்) இருந்து காற்றை முழுவதும் வெளியேற்றுங்கள். இடது முழங்கையை உயர்த்தி, சூட்டில் இருக்கும் காற்றையும் விடுங்கள். காலில் மாட்டிய துடுப்பை அடிக்காமல் சாதாரணமாக மூச்சு விட்டால் தண்ணீர் மட்டம் கண்ணளவில் நிற்க வேண்டும், மூச்சை முழுவதும் வெளியே விட்டால் மெதுவாக இறங்க வேண்டும். இறங்கவில்லையா? ஈயத்துக்குக் கை நீட்டும் முன் ஒரு நிமிடம் பொறுங்கள். பதற்றத்தில் நெஞ்சு நிறைய மூச்சைப் பிடித்திருப்போம், தெரியாமல் கால் அடித்துக்கொண்டிருப்போம். தடித்த அண்டர்சூட்டில் இருந்து காற்று வெளியேறவும் கொஞ்ச நேரம் பிடிக்கும். இதெல்லாம் சரியாக இருந்தும் மிதந்தால் மட்டும் ஒரு கிலோ சேருங்கள்.

ஏதோ காரணத்தால் நிறைந்த சிலிண்டரோடுதான் சோதிக்க முடிகிறது என்றால், வந்த எண்ணோடு இரண்டரை கிலோவைக் கூட்டிக்கொள்ளுங்கள். அது தற்காலிகக் கணக்குதான்.

5 மீட்டரில் உண்மையான சோதனை

மேற்பரப்புச் சோதனை தோராயமானது. நம்பக்கூடியது இதுதான். 5 மீட்டரில் பிசிடி முழுவதும் காலி. சூட்டில், மடிப்புகள் உடம்பைக் கிள்ளாத அளவுக்கு மட்டும் காற்று. இந்த நிலையில் துடுப்பு அடிக்காமல் மூன்று நிமிடம் நிற்க முடிந்தால் எடை சரி. கீழே போகிறீர்கள், நிற்பதற்கு பிசிடியில் காற்று சேர்க்க வேண்டியிருக்கிறது என்றால் எடை அதிகம், ஒரு கிலோவைக் கழற்றிக் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். மேலே இழுத்தால் ஒரு கிலோ வாங்கிக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு வலை இருக்கிறது. சூட்டை இறுக்கிப் பிழிந்தால் இன்னும் ஒன்றிரண்டு கிலோ குறைத்தும் நிற்கலாம். குறைந்த எடையில் டைவ் செய்வதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்பவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். ஆனால் இறுகிய அண்டர்சூட்டில் காற்று இல்லை, காற்று இல்லையென்றால் சூடும் இல்லை. நான்கைந்து டிகிரி தண்ணீரில் கடைசி மூன்று நிமிடம் நடுங்கிக்கொண்டு நிற்பதற்குப் பதில், அரை கிலோ கூடுதலாக வைத்துக்கொண்டு சூட்டைத் தளர்வாக விடுவதே மேல்.

எங்கே கட்டுவது

மொத்தத்தையும் இடுப்பில் மாட்டினால் முதுகு வலிக்கும். தவறிப்போய் பெல்ட் கழன்று விழுந்தால் சிவ்வென்று மேலே போவீர்கள். அதனால் ஒரு பகுதியை சிலிண்டர் பட்டையிலோ முதுகுத் தகட்டிலோ பிரித்து வைத்து, அவசரத்தில் கழற்றக்கூடியதாக ஒரு பகுதியை மட்டும் விடுவது நல்லது. அசையாமல் நிற்கும்போது தலை தாழ்கிறதா, கால் தாழ்கிறதா என்று கூட்டாளி பார்த்துச் சொல்லட்டும். கால் தாழ்ந்தால் எடையைத் தோள் பக்கம் நகர்த்துங்கள், தலை தாழ்ந்தால் இடுப்புப் பக்கம். கணுக்கால் எடைகளைப் புதியவர்களுக்கு எடுத்த எடுப்பிலேயே மாட்டிவிடுவது எனக்குப் பிடிக்காது. முதலில் பூட்ஸ் அளவு பெரிதாக இல்லையா என்று பாருங்கள், காற்று தங்குவது பெரும்பாலும் அங்கேதான்.

குவாரியிலிருந்து கடலுக்கு

கடல்நீர் நன்னீரை விட சுமார் இரண்டரை சதவீதம் அடர்த்தி கூடியது. முழு உபகரணத்தோடும் ஈயத்தோடும் உங்கள் எடை 115 கிலோ என்றால், கடலில் ஏறக்குறைய மூன்று கிலோ சேர்க்க வேண்டும். பால்டிக் போல உப்பு குறைந்த கடலில் இவ்வளவு வேண்டாம். அலுமினிய சிலிண்டருக்கு மாறினாலும் கணக்கு மாறும். பரவலாகக் கிடைக்கும் 11 லிட்டர் அலுமினியம் காலியாகும்போது ஒன்றரை முதல் இரண்டு கிலோ அளவுக்கு மேலே இழுக்கும், ஸ்டீல் பெரும்பாலும் அப்படி மிதக்காது.

லாக்புக்கில் வெறும் "11 கிலோ" என்று எழுதாமல், எந்த அண்டர்சூட், எந்த சிலிண்டர், நன்னீரா உப்புநீரா, முடிவில் எத்தனை பார், எடை எங்கெங்கே இருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இவற்றில் ஏதாவது மாறினால், அல்லது உங்கள் உடம்பே ஐந்தாறு கிலோ ஏறி இறங்கினால், 5 மீட்டர் சோதனையை மறுபடி செய்ய வேண்டியதுதான்.