வாழ்த்து மடலுக்கு எதுகை பிடிப்பது எப்படி

எங்கள் பக்கத்தில் கல்யாணம் என்றால் நண்பர்கள் சேர்ந்து வாழ்த்து மடல் அச்சடித்துக் கொடுப்பார்கள். அதற்குப் பாட்டு எழுதித் தருவது என் வேலை. மணமக்கள் பெயரைச் சொன்னதும் நான் பார்ப்பது அதன் இரண்டாம் எழுத்தை. பாட்டு அங்கேதான் பிடிபடுகிறது.

பாட்டின் ஒரு வரி அடி, அடிக்குள் பிரித்துச் சொல்லும் ஒவ்வொரு துண்டும் சீர். அடிகளின் முதல் சீரில் இரண்டாம் எழுத்து ஒன்றி வந்தால் அது எதுகை. முதல் எழுத்து ஒன்றி வந்தால் மோனை. அடியின் கடைசியில் ஓசை ஒத்துப்போனால் இயைபு. சினிமாப் பாட்டு கேட்டுப் பழகிய காது இயைபைத்தான் முதலில் தேடும். ஆனால் குறள் வெண்பா, அதாவது திருக்குறள் போல இரண்டு அடிப் பாட்டு, எழுதப் போகிறவர் அதை மறந்துவிடலாம். அடியின் தலையைக் கவனித்தால் போதும். ‘கற்க கசடறக் கற்பவை கற்றபின் / நிற்க அதற்குத் தக’ என்பதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதல் அடியின் நான்கு சீரும் ‘க’வில் தொடங்குகின்றன, இது முற்று மோனை. கற்க, நிற்க என்பது எதுகை.

புதிதாக எழுதுகிறவர்கள் கோட்டை விடுவது முதல் எழுத்தின் அளவில். பட்டு, கட்டு சேரும். பாட்டு, கேட்டு சேரும். பட்டும் பாட்டும் சேராது. குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில் என்றிருந்தால்தான் எதுகை. இரண்டாம் எழுத்திலோ கொஞ்சம் சலுகை உண்டு. ‘தக்கார் தகவிலர்’ என்று தொடங்கும் குறளின் அடுத்த அடி ‘எச்சத்தாற்’ என்று வருகிறது. க், ச் இரண்டும் வல்லினம், அதனால் இன எதுகை. வள்ளுவரே செய்திருக்கிறார் என்று எல்லா இடத்திலும் இதை நம்பிவிடாதீர்கள். மடலை மேடையில் வாசிக்கும்போது அதே எழுத்து வந்தால்தான் கூட்டத்தின் காதில் விழும்.

சரி, மாப்பிள்ளை கண்ணன், பெண் செல்வி என்று வைத்துக்கொள்வோம். முதலில் ‘ண்’ வரும் சொற்களை எழுதுங்கள்: வண்ணம், எண்ணம், திண்ணம், பண்ணிசை, விண்ணவர். விண்ணவரை உடனே அடித்துவிடுங்கள். விண்ணும் மண்ணும் வாழ்த்தாத மடலே கிடையாது. படிக்கிறவர் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுவார். எண்ணம் எனக்குப் பிடித்தது.

கண்ணனும் செல்வியும் கைகோத்த நன்னாளில்
எண்ணமெலாம் இன்பம் பெறும்.

முதல் சீரில் ‘க’, மூன்றாம் சீரில் ‘கை’. இதற்குப் பொழிப்பு மோனை என்று பெயர். அ, ஆ, ஐ, ஔ நான்கும் மோனையில் ஓர் இனம் என்பதால் க, கை பொருந்தும். இ, ஈ, எ, ஏ இன்னோர் இனம். அதனால் எண்ணமெலாம், இன்பம் என்பதும் மோனைதான். நான்கு சீர் அடியில் மோனையை மூன்றாம் சீரில் வைப்பது என் வழக்கம். வாசிக்கிறவர் இயல்பாக மூச்சு விடும் இடம் அது.

அப்புறம் தளை, அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் முறை. சீரைப் பிரித்தால் அசை. தனிக் குறிலோ நெடிலோ நேர், குறிலோடு இன்னொரு குறிலோ நெடிலோ சேர்ந்தால் நிரை, பின்னால் மெய் வந்தாலும் அதேதான். இரண்டு அசைச் சீர் நேரில் முடிந்தால் மா, நிரையில் முடிந்தால் விளம், மூன்றாவதாக ஒரு நேர் சேர்ந்தால் காய். மாச்சீருக்கு அடுத்து நிரை வர வேண்டும், விளத்துக்கும் காய்க்கும் அடுத்து நேர் வர வேண்டும். ‘கண்ணனும்’ கூவிளம், அடுத்து வரும் ‘செல்’ நேர். ‘கைகோத்த’ தேமாங்காய், அடுத்து வரும் ‘நன்’ நேர். ‘இன்பம்’ தேமா, அடுத்து வரும் ‘பெறும்’ நிரை, அதுவே ஒற்றை நிரையைக் குறிக்கும் ‘மலர்’ வாய்பாட்டில் முடிந்து வெண்பாவையும் முடித்துவைக்கிறது. எதுகைக்காக ஒரு சொல்லை மாற்றினால் அதன் இரு பக்கமும் தளையை மறுபடி பாருங்கள். பொருள் இடறினால் எதுகைச் சொல்லையே தூக்கிவிட்டு வேறு தேடுங்கள். ‘பெயர்தானே, ஏதோ பொருந்தினால் போதும்’ என்று விட எனக்கு மனம் வராது. அந்த மடலைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அச்சுக்குக் கொடுக்கும்போது ஒன்றைச் சொல்லிவிடுங்கள். அட்டை அகலம் போதாவிட்டால் எழுத்தைச் சிறிதாக்கட்டும், அடியை உடைக்க வேண்டாம். ‘நன்னாளில்’ கீழே இறங்கினால் ‘எண்ணமெலாம்’ வரியின் நடுவுக்குப் போய்விடும், கண்ணனுக்கு நேர் கீழே எதுகை இருக்காது.