வசதியற்ற குழந்தைகளின் டிஜிட்டல் கற்றலுக்கு ஆலோசகரை நியமிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆலோசகர் தேவை என்ற அறிவிப்பை எழுத உட்காரும்போதே பல நிறுவனங்கள் முதல் தவறைச் செய்துவிடுகின்றன. பழைய அறிவிப்பு ஒன்றைத் திறந்து, தலைப்பையும் தேதியையும் மாற்றி, ‘வசதியற்ற குழந்தைகளின் டிஜிட்டல் கற்றலை மேம்படுத்த உதவுதல்’ என்று ஒரு வரியைச் சேர்த்து அனுப்பிவிடுகிறார்கள். எந்தக் குழந்தை, எந்த வகுப்பு, எந்தப் பாடம், கையில் என்ன சாதனம், எத்தனை மாதம் என்ற விவரம் எதுவும் அந்த வரியில் இல்லை. விண்ணப்பிப்பவர்கள் அவரவருக்குத் தெரிந்ததை அதில் வாசித்துக்கொள்கிறார்கள். செயலி உருவாக்குபவர் தன்னிடம் செயலி கேட்கிறார்கள் என்று நினைக்கிறார். பயிற்சி வகுப்பு நடத்துபவர் ஆசிரியர் பயிற்சி கேட்கிறார்கள் என்று நினைக்கிறார். பிறகு, ஒன்றோடொன்று ஒப்பிடவே முடியாத விண்ணப்பக் கட்டை வைத்துக்கொண்டு தேர்வுக் குழு திண்டாடுகிறது.

பணி வரையறை என்பது சடங்குக்கு எழுதும் தாள் அன்று. ‘ஐந்தாம் வகுப்பில் இருந்தும் இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாக வாசிக்க இயலாத, வீட்டில் எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் ஒரே கைபேசியை மட்டுமே நம்பியுள்ள 300 குழந்தைகள், ஒரு கல்வியாண்டுக்குள் ஒரு பக்கக் கதையைத் தடங்கலின்றி வாசிக்க வேண்டும், அதற்கான பாடங்களைத் தெரிவு செய்து, ஆசிரியர்களுக்குப் பழக்கி, முன்னேற்றத்தை அளந்து காட்ட வேண்டும்’ என்று எழுதிப் பாருங்கள். வருகிற விண்ணப்பங்களின் எண்ணிக்கை குறையும். ஆனால் வருபவர்கள் இந்த வேலையைப் பற்றிப் பேசுவார்கள். இப்படி எழுத முடியவில்லை என்றால், தேவை என்ன என்பதை நிறுவனமே இன்னும் தீர்மானிக்கவில்லை என்று பொருள். அந்நிலையில் முழு ஒப்பந்தத்துக்கு ஆள் தேடாமல், நான்கு வாரத் தேவை ஆய்வுக்கு மட்டும் ஒருவரை அமர்த்துவது செலவைக் குறைக்கும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெரு நாடு, ‘ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி’ என்ற உலகளாவிய திட்டத்தில் இணைந்து, 8 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளைப் பள்ளிகளுக்கு வழங்கியது. கிராமப்புறத்தின் 300-க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளை ஆராய்ந்து இன்டர்-அமெரிக்கன் டெவலப்மென்ட் வங்கி 2012-இல் வெளியிட்ட மதிப்பீடு, கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் உயர்ந்ததற்கான சான்று இல்லை என்று கண்டது. டில்லியில் மாலை நேர மையங்களில் நடந்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வின் முடிவு வேறு விதமாக இருந்தது. ஆறாம் வகுப்புக் குழந்தைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருப்பதை அது முதலில் அளந்து அறிந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் அதன் உண்மையான நிலையிலிருந்தே பாடம் கொடுத்த மென்பொருள், நான்கரை மாதத்தில் கணக்கில் 0.37 திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்பதைக் காட்டும் அலகு) அளவுக்கு முன்னேற்றம் தந்தது. இரண்டு இடங்களிலும் கணினி இருந்தது. பாடம் எந்தப் படியிலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்டறிந்த வேலை ஓரிடத்தில்தான் நடந்தது. நாம் தேடும் ஆலோசகர் அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். சாதனப் பட்டியல் தயாரிக்க எத்தனையோ பேர் கிடைப்பார்கள்.

டிஜிட்டல் என்றதும் திரையும் இணையமும் மட்டுமே நினைவுக்கு வருவது இதன் தொடர்ச்சியான இன்னொரு தவறு. 3 முதல் 17 வயது வரையிலான உலகக் குழந்தைகளில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு, அதாவது 130 கோடிப் பேருக்கு, வீட்டில் இணைய இணைப்பு இல்லை என்று யுனிசெப்பும் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2020-இல் கணக்கிட்டன. அதே கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் போட்ஸ்வானாவில் வாரம் ஒரு குறுஞ்செய்தியும், பெற்றோருடனும் குழந்தையுடனும் பயிற்றுநர் பேசிய தொலைபேசி அழைப்பும் சேர்ந்து கணக்கறிவை அளவிடத்தக்க வகையில் உயர்த்தின. குறுஞ்செய்தி மட்டும் போனபோது பலன் பெரிதாக இல்லை. ஆகவே ‘செயலி உருவாக்கிய அனுபவம் கட்டாயம்’ என்று தகுதிப் பட்டியலில் எழுதுவதற்கு முன் ஒருமுறை யோசிக்க வேண்டும். அந்த ஒரு நிபந்தனையே, சாதாரணக் கைபேசியையும் வானொலியையும் இணையமின்றி இயங்கும் கோலிப்ரி போன்ற தளங்களையும் கொண்டு உருப்படியாக வேலை செய்தவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடக்கூடும்.

தகுதிப் பட்டியலைப் பற்றிப் பேசும்போது சொல்லியாக வேண்டியது: பாடத்திட்டம், மென்பொருள், ஆசிரியர் பயிற்சி, தரவு ஆய்வு, குழந்தை உளவியல், நிதி திரட்டல் ஆகிய ஆறும் கைவந்த ஒருவரைத் தேடும் அறிவிப்புகளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்படி ஒருவர் கிடைக்க மாட்டார். ஆறிலும் வல்லவர் என்று சொல்லிக்கொள்ளத் தயங்காதவர்தான் கிடைப்பார். கற்றல் வடிவமைப்புக்கு ஒருவர், தொழில்நுட்பத்துக்கு குறைந்த நாட்களுக்கு இன்னொருவர் என்று வேலையைப் பிரித்துக்கொள்வதே நடைமுறைக்கு உகந்தது. ‘வசதியற்ற குழந்தைகள்’ என்பதையும் ஒரே கூட்டமாக எண்ணிவிடக் கூடாது. இடம்பெயர்ந்த குழந்தை, காது கேளாத குழந்தை, பள்ளி முடிந்ததும் வேலைக்குப் போகிற குழந்தை, வீட்டில் பேசும் மொழி பாடமொழியிலிருந்து வேறுபட்ட குழந்தை ஆகியோரின் தடைகள் ஒன்றல்ல. இவர்களில் யாரோடு வேலை செய்திருக்கிறீர்கள் என்று விண்ணப்பப் படிவத்திலேயே கேட்டுவிட வேண்டும்.

இனி நேர்காணல். இங்கேதான் நானே ஏமாந்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தொண்டு நிறுவனத்தின் தேர்வுக் குழுவில் இருந்தபோது, அழகிய வரைபடங்களோடு அரை மணி நேரம் பேசிய ஒருவரை நாங்கள் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தோம். அவர் அமைத்துக் கொடுத்த செயலியின் அறிக்கையில் நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் முன்னேற்றம் எங்களைக் குழப்பியது. திங்கட்கிழமை பின்னக் கணக்கைப் பிழையின்றிப் போட்டவள், செவ்வாய்க்கிழமை எழுத்துகளை அடையாளம் காணத் திணறினாள். புதன்கிழமை மறுபடியும் பின்னம். கற்றல் குறைபாடாக இருக்குமோ என்றுகூட ஒரு கூட்டத்தில் பேசினோம். வகுப்பாசிரியரிடம் கேட்டபோது அவர் சிரித்துவிட்டார். ‘அந்த வீட்டில் மூன்று பிள்ளைகள், ஒரே போன். அப்பா வேலையிலிருந்து வந்த பிறகு யார் கையில் கிடைக்கிறதோ அவர்கள் படிக்கிறார்கள்’ என்றார். அந்தச் செயலியில் ஒரு கைபேசிக்கு ஒரு பெயர்தான் பதிய முடியும். ஆறு மாதமாகச் சேர்ந்த தரவில் எது யாருடையது என்று பிரிக்க வழியில்லாமல் போயிற்று. ‘ஒரே கைபேசியை மூன்று குழந்தைகள் பயன்படுத்தினால் என்ன செய்வீர்கள்?’ என்று நேர்காணலில் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். எங்களில் யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நான் இருக்கும் குழுக்களில் விளக்கக்காட்சிக்கான நேரத்தைப் பத்து நிமிடமாகக் குறைத்துவிட்டு, மீதி நேரத்தில் செய்து காட்டச் சொல்கிறோம். 2 ஜிபி நினைவகம் உள்ள, திரையில் கீறல் விழுந்த ஒரு பழைய கைபேசியை, இணைப்பைத் துண்டித்துவிட்டு, விண்ணப்பதாரரின் கையில் கொடுக்கிறோம். ‘நீங்கள் பரிந்துரைக்கும் பாடத்தை இதில் திறந்து காட்டுங்கள், இடம் போதவில்லை என்றால் எதை நீக்குவீர்கள் என்று சொல்லுங்கள்.’ சிலர் தம் சொந்த மடிக்கணினியில் காட்டலாமா என்று கேட்பார்கள். சிலர் கைபேசியின் அமைப்புகளுக்குப் போய், எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்று முதலில் பார்ப்பார்கள். அவர்களுக்கு இந்தக் கள நிலை பழக்கமானது என்பது அந்தக் கணத்திலேயே தெரிந்துவிடும். அடுத்து, திரையில் உள்ளதை உரக்கப் படித்துக் காட்டும் திரைவாசிப்பானைக் கைபேசியில் இயக்கி, திரையைப் பார்க்காமல் ஒரு வினாவுக்கு விடையளிக்கச் சொல்கிறோம். பார்வைக் குறைபாடுள்ள குழந்தைக்கும் பாடம் பயன்படும் என்று விண்ணப்பத்தில் எழுதியவர்களில் எத்தனை பேர் அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் என்பது அங்கே வெளிப்படும். மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்த வகைசெய்யும் இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டுதல்களின் 2.2 பதிப்பு 2023-இல் வந்துவிட்டது. அதைப் பணி வரையறையில் குறிப்பிட ஒரு வரி போதும். கடைப்பிடிக்கப்படுகிறதா என்பதை இப்படிச் சோதித்தால்தான் அறிய முடியும்.

விலைப்புள்ளியை மதிப்பிடுவதில் நேரும் பிழையோ யார் கண்ணிலும் படுவதில்லை. ஓர் எளிய கணக்கு. முதல் விண்ணப்பதாரர் தொழில்நுட்பத் தகுதியில் 88 மதிப்பெண் பெற்று 100 பங்கு கட்டணம் கேட்கிறார். இரண்டாமவர் 72 பெற்று 60 பங்கு கேட்கிறார். குறைந்த கட்டணத்துக்கு முழு மதிப்பெண்ணும் மற்றதற்கு அதே விகிதத்திலும் கொடுப்பது வழக்கம் என்பதால், விலைக்கான மதிப்பெண் முதலாமவருக்கு 60, இரண்டாமவருக்கு 100. தகுதிக்கும் விலைக்கும் 80:20 என்று எடை வைத்தால் முதலாமவர் 82.4, இரண்டாமவர் 77.6. எடையை 50:50 என்று வைத்தால் முதலாமவர் 74-க்கு இறங்க, இரண்டாமவர் 86-க்கு ஏறிவிடுகிறார். ஆட்கள் மாறவில்லை, திறமையும் மாறவில்லை. நாம் வைத்த எடைதான் மாறியது. நாற்காலி மேசை வாங்கும் சூத்திரத்தை அப்படியே ஆலோசகர் தேர்வுக்கும் பயன்படுத்தினால் இதுதான் நடக்கும். எடையை அறிவிப்பிலேயே வெளியிட வேண்டும். தகுதியில் இன்ன மதிப்பெண்ணுக்குக் கீழே பெற்றவரின் விலை உறையைத் திறப்பதே இல்லை என்றும் முன்கூட்டியே விதித்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கடுமையான தவறு, குழந்தைப் பாதுகாப்புச் சோதனையில் ஆலோசகருக்கு விலக்களிப்பது. நிரந்தர ஊழியர்களின் பின்னணியைச் சரிபார்க்கும் நிறுவனங்கள்கூட, ஆலோசகரைக் கொள்முதல் பிரிவு அமர்த்துகிறது என்பதால் அவரைப் பொருள் விற்பவரைப் போல நடத்தி, அந்தச் சோதனை இல்லாமலேயே உள்ளே விட்டுவிடுகின்றன. ஆனால் பள்ளிக்குப் போய்க் குழந்தைகளோடு உட்காரப்போவதும், அவர்களுடைய படங்களையும் குரல் பதிவுகளையும் தம் கணினியில் வைத்திருக்கப்போவதும் அவர்தான். முன்பு வேலை செய்த இடங்களில் பாலியல் துன்புறுத்தல் தொடர்பான நடவடிக்கை ஏதும் இருந்ததா என்று முந்தைய நிறுவனங்களிடம் நேரடியாகக் கேட்டறிய, மனிதநேய அமைப்புகள் 2019-இல் ஒரு பொதுத் திட்டத்தைத் தொடங்கின. அதில் சேராத நிறுவனமும் அதே கேள்வியை எழுத்தில் கேட்க எந்தத் தடையும் இல்லை. விண்ணப்பதாரர் கொடுத்த இரண்டு பரிந்துரையாளர்களோடு நின்றுவிடாமல், அவர் விட்டுச்சென்ற வேலையைத் தொடர்ந்து நடத்தியவர் ஒருவரையும், அவரிடம் பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவரையும் தொலைபேசியில் பிடித்துவிட்டால், மேலதிகாரி எழுதிய மூன்று பாராட்டுக் கடிதங்களில் கிடைக்காத செய்தி கிடைக்கும்.

குழந்தைகளின் தரவும் இதே கவனத்துக்கு உரியது. பெருந்தொற்றின்போது 49 நாடுகளின் அரசுகள் பரிந்துரைத்த கற்றல் செயலிகளையும் தளங்களையும் மனித உரிமை அமைப்பான ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் ஆராய்ந்து 2022-இல் அறிக்கை வெளியிட்டபோது, பத்தில் ஏறக்குறைய ஒன்பது, குழந்தைகளின் உரிமைக்கு ஆபத்து விளைவிக்கும் வகையில் தரவைக் கையாண்டது தெரியவந்தது. ‘இலவசமாகக் கிடைக்கிறது’ என்று ஆலோசகர் ஒரு செயலியைப் பரிந்துரைக்கும்போது, அது என்ன தரவைத் திரட்டுகிறது, யாருக்குக் கொடுக்கிறது, எப்போது அழிக்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் விடை தருவதை ஒப்பந்தக் கடமையாக்க வேண்டும்.

பரிந்துரைப்பவரே விற்பவராகவும் இருந்துவிடக் கூடாது. சாதனத்தின் தொழில்நுட்ப விவரக் குறிப்பை எழுதிய ஆலோசனை நிறுவனம் அதே சாதனத்தை வழங்கப் போட்டியிடுவதை உலக வங்கியின் கொள்முதல் விதிகள் அனுமதிப்பதில்லை. சிறு நிறுவனங்கள் இந்த விதியை அறிவதில்லை, அல்லது தெரிந்தவர் என்ற தயக்கத்தில் கேட்பதில்லை. பங்குரிமை, தரகு, உறவினர் நிறுவனம் எதுவும் இல்லை என்ற உறுதிமொழியைக் கையெழுத்துக்கு முன்பே வாங்கிவிடலாம்.

கடைசியாக, ஒப்பந்தத்தின் கால அளவும் கட்டணத் தவணையும். தேர்வு நடைமுறை இழுத்துக்கொண்டே போய், ஆலோசகர் வந்து சேரும்போது ஆண்டுத் தேர்வும் தொடங்கியிருக்கும். ஆசிரியர் யாருக்கும் அவரைப் பார்க்க நேரம் இருக்காது. பள்ளி நாட்காட்டியை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டே அறிவிப்புத் தேதியை முடிவு செய்ய வேண்டும். கட்டணத்தின் பெரும்பகுதியைத் தொடக்க அறிக்கை, இடைக்கால அறிக்கை, இறுதி அறிக்கை என்று தாள்களோடு பிணைத்துவிட்டால், அச்சுப் பிழையில்லாத மூன்று அறிக்கைகள் வரும்; வகுப்பறையில் எதுவும் மாறியிருக்காது. உருவாக்கிய பாடங்களின் பதிப்புரிமை யாருக்கு, மூலக் கோப்புகளும் கடவுச்சொற்களும் யார் வசம் என்பதையும் முதல் நாளே எழுதிக்கொள்ள வேண்டும். வேலை முடிந்ததற்கு அடையாளமாக நான் ஒப்பந்தங்களில் சேர்க்கச் சொல்வது ஒன்றுதான்: ஆலோசகர் அறையில் இல்லாதபோது, பள்ளி ஆசிரியர் ஒருவர் தனியாக ஒரு பாடத்தைத் திருத்தி, அந்தப் பழைய கைபேசியில் ஏற்றி, ஒரு குழந்தையின் கையில் கொடுத்துக் காட்ட வேண்டும். அது நடக்கும்வரை கடைசித் தவணையை விடுவிக்கக் கூடாது.